ராஞ்சில் வசந்தம்: காத்திருக்க வேண்டிய வேலைகளை முதலில் தொடங்குங்கள்

அமெரிக்காவின் வயோமிங், மொன்டானா மாநில மலைப் பள்ளத்தாக்குகளில் மாடு வளர்த்துக்கொண்டே கோடையில் விருந்தினரையும் தங்கவைக்கும் குடும்ப ராஞ்சுகளுக்கு (மேய்ச்சல் பண்ணைகளுக்கு), மார்ச் நடுவிலிருந்து ஜூன் முதல் வாரம் வரை மூச்சுவிட நேரமிருக்காது. பசுக்கள் ஈனுகின்றன. பனி உருகுகிறது. வேலி சாய்ந்து கிடக்கிறது. குதிரைகள் குளிர்கால ரோமத்தை உதிர்க்கின்றன. விருந்தினர் தங்கும் கேபின்களின் குழாய்கள் காலியாகக் கிடக்கின்றன. எல்லாமே அவசரம் போலத் தெரியும். ஆனால் வேலி ஆணியை எந்த நாளிலும் அடிக்கலாம், நான்கு பேரைச் சேர்த்து ஒரே நாளிலும் முடிக்கலாம். காளையின் விந்து தேறுவதற்கு 60 நாள் வேண்டும். அதை எத்தனை பேர் சேர்ந்தாலும் சுருக்க முடியாது.

இந்த வேறுபாடுதான் வசந்த காலத் திட்டத்தின் அடிப்படை. நம் விருப்பத்துக்கு மாறாத தேதிகள் மூன்று: அரசின் வன நிலத்தில் மேய மாட்டை ஏற்ற அனுமதிச் சீட்டில் குறித்திருக்கும் நாள், காளையைப் பசுக்களோடு விடும் நாள், முதல் விருந்தினர் வந்து இறங்கும் நாள். இந்த மூன்றிலிருந்தும் பின்னோக்கி எண்ணி, நடுவில் காத்திருப்பு உள்ள வேலைகளை முதலில் நாட்காட்டியில் எழுதிவிட வேண்டும். ஆளும் நேரமும் போட்டால் முடிந்துவிடும் வேலைகள் மிச்ச இடத்தில் அடங்கிக்கொள்ளும்.

முதல் தொலைபேசி அழைப்பு கால்நடை மருத்துவருக்கு. 2023 ஜூன் 11 முதல் அமெரிக்காவில் கால்நடைகளுக்கான முக்கிய ஆன்டிபயாட்டிக்குகளைக் கடையில் நேராக வாங்க முடியாது, மருத்துவரின் சீட்டு வேண்டும். உங்கள் மந்தையை நேரில் பார்த்து அறிந்த மருத்துவர்தான் சீட்டு எழுதலாம். நள்ளிரவில் கன்றுக்கு நிமோனியா வந்த பிறகு இந்த உறவை ஏற்படுத்திக்கொள்ள வழியில்லை. மார்ச்சிலேயே ஒருமுறை வரவழைத்து, மந்தையைக் காட்டி, மருந்துப் பட்டியலை முடித்துக்கொள்ளுங்கள்.

காளை

பசுவின் சினைக்காலம் சுமார் 283 நாள். அடுத்த ஆண்டு மார்ச் 15-ல் ஈற்று தொடங்க வேண்டுமென்றால் இந்த ஆண்டு ஜூன் 5-ல் காளை உள்ளே போக வேண்டும். இனப்பெருக்கத் தகுதிச் சோதனையை ஏப்ரல் முதல் வாரத்திலேயே வைத்துவிடுங்கள். குளிரில் விரைப்பை உறைந்து புண்ணான காளைகள் ஒவ்வொரு கடுங்குளிருக்குப் பிறகும் இருக்கும். வெளியே பொருக்கு உதிர்ந்து ஆறிவிட்டதாகத் தெரிந்தாலும் உள்ளே விந்து கெட்டிருக்கலாம். முதல் சோதனையில் தேறாத காளையை 60 நாள் கழித்து மறுபடி பார்க்கலாம். மே கடைசியில் சோதனை வைத்தால் அந்த இரண்டாவது வாய்ப்பே கிடையாது, அவசரத்தில் கிடைத்த காளையை வாங்க வேண்டிவரும்.

மருத்துவர் பார்ப்பவை: விரைப்பைச் சுற்றளவு 15 மாதம் வரையான காளைக்குக் குறைந்தது 30 செ.மீ., இரண்டு வயதுக்கு மேல் 34 செ.மீ.; விந்தணுக்களில் குறைந்தது 30 சதவீதம் முன்னோக்கி நகர வேண்டும்; 70 சதவீதம் சரியான உருவத்தில் இருக்க வேண்டும். இவற்றோடு கண்ணையும் காலையும் பாருங்கள். விந்து நன்றாக இருந்து பின்னங்கால் நொண்டினால் அந்தக் காளையால் பயனில்லை. ஏற்கெனவே பசுவோடு சேர்ந்த காளைகளுக்கு, சேர்க்கையின்போது பரவிச் சினையைக் கலைக்கும் டிரைக்கோமோனியாசிஸ் நோய்க்கான சோதனையும் தேவை. இந்த நோயை அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்ட மருந்து கொண்டு குணப்படுத்த வழியில்லை, தொற்றுள்ள காளை கசாப்புக்குத்தான் போகும். அதைக் கண்டுபிடிக்காமல் விட்டால் இலையுதிர்காலச் சினைப் பரிசோதனையில் பாதிப் பசுக்கள் வெறும் வயிற்றோடு நிற்கலாம். எண்ணிக்கைக்கு ஒரு பழைய கணக்கு உதவும்: இளங்காளைக்கு அதன் வயது எத்தனை மாதமோ அத்தனை பசு, முதிர்ந்த காளைக்கு 25 முதல் 30.

ஈற்று

தலையீற்றுக் கிடாரிகளை மற்றப் பசுக்களுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே ஈனும்படி சேர்த்திருப்பது நல்லது. கவனம் முழுவதும் அவற்றின் மேல் இருக்கும். அடுத்த சினைக்கு முன் உடம்பு தேற அவற்றுக்குக் கூடுதல் நாளும் கிடைக்கும். இரவும் பகலும் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். தீவனத்தை அந்தி நேரத்தில் போட்டால் பகலில் ஈனும் பசுக்கள் கூடும். கனடாவின் மானிடோபாவைச் சேர்ந்த கஸ் கோனஃபல் 1970-களில் இதைக் கவனித்துச் சொன்னார். அன்றிலிருந்து இது அவர் பெயராலேயே வழங்குகிறது. செலவில்லாத வழி என்பதால் முதல் கன்றுக்கு இரண்டு வாரம் முன்பே தீவன நேரத்தை மாலைக்கு மாற்றிவிடலாம்.

பனிக்குடமோ குளம்போ வெளியே தெரிந்த பிறகு கடிகாரத்தைப் பாருங்கள். முதிர்ந்த பசுவுக்கு அரை மணி நேரமும் கிடாரிக்கு ஒரு மணி நேரமும் ஆகி முன்னேற்றம் இல்லையென்றால் கையை விட்டுப் பார்க்க வேண்டும். இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம் என்று விடுவதில்தான் அதிகக் கன்றுகள் போகின்றன. நீண்ட கையுறை, தாராளமாக உயவுப் பசை, சுத்தமான வாளித் தண்ணீர் இவை தயாராக இருக்கட்டும். சரியான நிலையில் இரண்டு முன்னங்கால்களும் உள்ளங்குளம்பு கீழ்நோக்கி வர, அவற்றின் மேல் மூக்கு இருக்கும். உள்ளங்குளம்பு மேல்நோக்கி இருந்தால் பெரும்பாலும் கன்று பின்புறமாக வருகிறது. கை உள்ளே இருக்கும்போது எந்தக் கால் என்று குழப்பம் வரும். குளம்புக்கு மேலுள்ள முதல் மூட்டும் அடுத்த மூட்டும் ஒரே பக்கம் மடங்கினால் முன்னங்கால், எதிரெதிர்ப் பக்கம் மடங்கினால் பின்னங்கால்.

கன்றை இழுக்கும் சங்கிலியை அதன் காலில் ஒரே சுற்றாகப் போட்டு இழுத்தால் காலெலும்பு முறியும். முதல் சுற்று அந்த முதல் மூட்டுக்கு மேலே, இரண்டாவது சுற்று மூட்டுக்குக் கீழே, குளம்புக்குச் சற்று மேல். பாரம் இரண்டு இடமாகப் பிரியும். பசு முக்கும்போது மட்டும் இழுங்கள், அது ஓயும்போது நீங்களும் ஓயுங்கள். ஒரு காலை இழுத்து, பிறகு மறுகாலை இழுத்தால் தோள்கள் ஒவ்வொன்றாக இடுப்பெலும்பைத் தாண்டும். பின்புறமாக வரும் கன்றுக்கு மட்டும் வேறு கணக்கு. அதன் இடுப்பு வெளியே வந்ததும் தொப்புள்கொடி நசுங்கும், தலை இன்னும் உள்ளே இருக்கும், எனவே அங்கிருந்து தாமதமில்லாமல் எடுத்துவிட வேண்டும். தலை பின்னால் மடிந்திருப்பது, வால் மட்டும் தட்டுப்படுவது போன்ற நிலைகளில் பத்து நிமிடத்துக்கு மேல் முயலாமல் மருத்துவரைக் கூப்பிடுவதே சரி.

பிறந்த கன்றைத் தலைகீழாகத் தொங்கவிடும் பழக்கம் இன்னும் போகவில்லை. அப்போது வயிற்றிலுள்ளவை உதரவிதானத்தை அழுத்த, கன்று மூச்சுக்குத் திணறும். வெளியே வழிவது பெரும்பாலும் வயிற்று நீர். கன்றை நெஞ்சு தரையில் படிய நிமிர்த்தி உட்காரவைத்து, மூக்கைத் துடைத்து, ஒரு வைக்கோலை மூக்குத்துளைக்குள் விட்டுக் குறுகுறுக்கச் செய்யுங்கள். தும்மி, மூச்சை இழுக்கும். தொப்புளை அயோடினில் முழுமையாக நனைக்க வேண்டும்.

சீம்பால் இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே போனால் சிறப்பு, ஆறு மணி நேரத்துக்குள் கட்டாயம். குடலின் எதிர்ப்புப் புரதங்களை உறிஞ்சும் திறன் மணிக்கு மணி குறைந்து, 24 மணி நேரத்தில் அடைபட்டுவிடும். அளவு உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு: 40 கிலோக் கன்றுக்கு மூன்றரை முதல் நான்கு லிட்டர். சீம்பால் பொடி வாங்கும்போது பையைப் படியுங்கள். துணைப் பொடி, மாற்றுப் பொடி என்று இரண்டு வகை உண்டு. தாயிடம் பாலே கிடைக்காத கன்றுக்கு ஒரு வேளைக்குக் குறைந்தது 100 கிராம் இம்யுனோகுளோபுலின் ஜி என்ற எதிர்ப்புப் புரதம் உள்ள மாற்றுப் பொடிதான் வேண்டும். துணைப் பொடியை மட்டும் கொடுத்த கன்று முதல் வாரத்தை நன்றாகவே தாண்டி, இரண்டாவது வாரத்தில் கழிச்சலில் விழும்.

ஈரமான ஏப்ரல் பனி மார்ச்சின் வறண்ட குளிரை விட ஆபத்தானது. கன்றின் இயல்பான வெப்பம் சுமார் 38.6 டிகிரி செல்சியஸ். வாய்க்குள் விரல் விட்டுப் பாருங்கள். வாய் சில்லென்று இருந்து, உறிஞ்சவும் செய்யாவிட்டால் 38 முதல் 40 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு வைத்து, தலையைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் ஆற ஆற மாற்றுங்கள். பிறகு ரோமம் முழுக்க உலர்ந்த பின்னரே தாயிடம் விட வேண்டும்.

கழிச்சலைத் தடுக்க நெப்ராஸ்காவில் உருவான சாண்ட்ஹில்ஸ் முறையை விடச் சிறந்ததை நான் அறியேன். வழக்கத்தில் ஈன்ற பசுவையும் கன்றையும் தனியாக ஓட்டிப் போவார்கள். இதில் ஈன்றவை இருந்த இடத்திலேயே இருக்கும், இன்னும் ஈனாத பசுக்களைத்தான் புதுப் புல்வெளிக்கு நகர்த்த வேண்டும், முதலில் இரண்டு வாரத்தில், பிறகு வாரம் ஒருமுறை. வயதில் மூத்த கன்றுகள் தமக்கு நோய் தெரியாமலே கிருமியைப் பெருக்கிச் சாணத்தில் விடும். பருவக் கடைசியில் பிறக்கும் கன்று அந்த மொத்தக் கிருமியையும் முதல் நாளிலேயே வாங்கும். இடத்தைப் பிரித்தால் அந்தச் சங்கிலி அறுந்துபோகும்.

விருந்தினர் ராஞ்சுக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. கேபின்களை ஒட்டிய வெளியை ஈற்றுக்குப் பயன்படுத்தாமல் விடுங்கள். கன்றுக் கழிச்சலை உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் மனிதருக்கும் தொற்றும், மண்ணில் பல மாதம் உயிரோடு இருக்கும். குழந்தைகள் ஓடியாடும் இடத்தில் அது கூடாது. கன்றீன்ற பசு நாயைக் கண்டாலும் ஆளைக் கண்டாலும் பாயும் என்பது நகரத்திலிருந்து வருபவருக்குத் தெரிய வாய்ப்பில்லை.

புல் பச்சையானதும்

முதல் பச்சையைக் கண்டு மனம் குளிர்ந்து மாட்டை விடும் வாரத்தில்தான் புல் வலிப்பு வரும். வேகமாக வளரும் இளம்புல்லில் மெக்னீசியம் குறைவு, பொட்டாசியம் அதிகம். அந்தப் பொட்டாசியம் இருக்கிற மெக்னீசியத்தையும் உறிஞ்ச விடாது. பால் உச்சத்தில் இருக்கும் முதிர்ந்த பசுக்கள்தான் முதலில் விழும்: காதைச் சிலிர்க்கும், தள்ளாடும், விழுந்து காலை உதைக்கும், சில மணி நேரத்தில் செத்துப்போகும். 8 முதல் 12 சதவீதம் மெக்னீசியம் உள்ள தாது உப்பை, பசுவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 110 கிராம் வீதம், பச்சைக்கு விடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே வைக்கத் தொடங்குங்கள். மெக்னீசியம் ஆக்சைடு கசக்கும், மாடு தொடாது. தின்கிறதா என்று தொட்டியின் எடையைக் கணக்கிட்டே சொல்ல முடியும். வேறு உப்புக் கட்டிகளை எடுத்துவிட்டு, இதில் மட்டும் உப்போ சர்க்கரைப் பாகான மொலாசஸோ கலந்து வைத்தால் தின்னும்.

கன்றுகளுக்கு உரிமைக்குறிச் சூடு போட்டுத் தடுப்பூசியும் போடும் நாளைப் பற்றி நிறையச் சொல்லத் தேவையில்லை, ஊரே கூடிச் செய்யும் வேலை. இரண்டு தவறுகள்தான் திரும்பத் திரும்ப நடக்கும். ஒன்று, ஈர ரோமத்தின் மேல் சூடு போடுவது. நீராவி பரவித் தோல் வெந்து, குறி மங்கலாகிவிடும். இரும்பு சாம்பல் நிறத்துக்கு வந்த பிறகு மூன்று முதல் ஐந்து நொடி போதும், தோல் சேணத் தோலின் நிறத்துக்கு வர வேண்டும். செக்கச் சிவந்த இரும்பு ரோமத்தைப் பற்றவைத்துப் புண்ணைத்தான் தரும். குறியின் வடிவத்தோடு அது உடலில் எந்தப் பக்கம், எந்த இடம் என்பதும் மாநிலப் பதிவில் இருக்கிறது, இடம் மாறினால் அது உங்கள் குறி அல்ல. இன்னொன்று தடுப்பூசி. உயிருள்ள கிருமியால் ஆன ஊசி மருந்தைக் கலந்த ஒரு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். வெயில் படக் கூடாது. 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். காலையிலேயே பத்துப் புட்டியைக் கலந்து மேசையில் வைத்தால் மதியக் கன்றுகளுக்குப் போவது வெறும் தண்ணீர். அந்தச் சிரிஞ்சைக் கிருமிநாசினியால் கழுவினாலும் மருந்து சாகும், கொதிநீர் போதும். எல்லா ஊசியும் கழுத்தில், ஓரிடத்தில் 10 மில்லிக்கு மேல் வேண்டாம், பத்துப் பதினைந்து கன்றுக்கு ஒருமுறை ஊசியை மாற்றுங்கள்.

மேலே வன நிலத்துக்கு ஏற்றும் நாள் அனுமதிச் சீட்டில் இருந்தாலும் புல் தயாராக இருக்க வேண்டும். மூன்று நான்கு இலை விடுவதற்குள் மேய்ந்தால் அந்தப் புல் வேரிலிருந்து கடன் வாங்கித்தான் மறுபடி முளைக்கும். கட்டணத்தைப் பார்த்து அவசரப்படத் தேவையில்லை. 1986-ல் வந்த அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி ஒரு பசுவும் கன்றும் ஒரு மாதம் மேய்வதற்கான கட்டணம் 1.35 டாலருக்குக் கீழே போகாது, அதற்கு மேலும் பெரிதாக ஏறியதில்லை. ஒரு வாரத்துக்கு உலர்புல் வாங்குவது செலவுதான், ஆனால் கெட்ட மேய்ச்சல் நிலம் தேறப் பல ஆண்டாகும். உயர்ந்த சரிவுகளில் நெட்டை லார்க்ஸ்பர் செடி இருந்தால் அதன் பூத்தண்டு நீளும் காலத்திலிருந்து காய் முற்றும் வரை அங்கே மாட்டை நிறுத்தாதீர்கள். அதன் நஞ்சு தசையை முடக்கும். விழுந்த மாட்டைத் துரத்தி எழுப்பினால் செத்துவிடும், அசையாமல் விட்டால் சில தேறும்.

வேலியும் வாய்க்காலும்

பனிப்பாரமும் எல்க் மான் மந்தையும் சேர்ந்து முள்கம்பி வேலியைக் குளிர்காலம் முழுக்கப் பிய்த்திருக்கும். பனி கனமாக விழும் சரிவுகளில் கம்பியை இலையுதிர்காலத்தில் இறக்கிப் படுக்கவைத்து, வசந்தத்தில் தூக்கிக் கட்டும் வகை வேலி போட்டவர்களுக்கு வேலை பாதி குறையும். கம்பை உலுக்கிப் பாருங்கள். மரக்கம்பு அழுகுவது மண் மட்டத்தில்தான், மேலே நன்றாகத் தெரிந்தாலும் அங்கே கத்தி இறங்கினால் மாற்ற வேண்டும். உறைந்த மண் மேலே தள்ளிய கம்புகளை, மண் ஈரமாக இருக்கும்போதே அடித்து இறக்கிவிடலாம். கம்பி பிடிக்கும் வளைஆணியைக் கம்பி நசுங்கும்வரை அடிக்காதீர்கள், கம்பி நகர இடம் வேண்டும். அதன் இரு கால்களும் ஒரே மரநரம்பில் இறங்காதபடி சற்றுத் திருப்பி அடித்தால் கம்பு பிளக்காது. பள்ளத்தில் கம்பி கம்பை மேலே இழுக்கும், மேட்டில் கீழே அழுத்தும். ஆணியின் சாய்வை அதற்கு எதிராக வையுங்கள். கீழ்க்கம்பி முள்ளில்லாததாகத் தரையிலிருந்து 40 முதல் 45 செ.மீ. உயரத்தில் இருந்தால் பிராங்ஹார்ன் மான்கள் அடியில் புகுந்து போகும், வேலியும் பிழைக்கும். ஓடையைக் கடக்கும் இடங்களைக் கடைசியாகக் கட்டுங்கள். உருகுநீரின் உச்சம் மே கடைசியிலும் ஜூனிலும் வரும், அதற்கு முன் கட்டியது மிதந்துபோகும்.

வாய்க்காலில் முதல் தண்ணீர் வருவதற்குள் குப்பையும் மண்ணும் வாரியிருக்க வேண்டும். தரை அணில் வளைகள்தான் பெரிய தொல்லை. மடை திறந்த இரவில் ஒரு வளை வழியாகக் கசியத் தொடங்கி, காலைக்குள் கரையே போயிருக்கும். எனவே முதல் நாள் பாதி நீரை மட்டும் விட்டு, கரை நெடுக நடந்து பார்த்த பிறகே முழுவதும் திறக்க வேண்டும். மேற்கில் தண்ணீர் உரிமை முந்தியவருக்கே முதல் பங்கு என்ற சட்டப்படி ஓடுகிறது, வயோமிங்கில் 70 ஏக்கருக்கு நொடிக்கு ஒரு கன அடி, அதாவது 28.3 லிட்டர். வாய்க்காலில் ஓடும் நீரை அளக்கும் பார்ஷல் தொட்டியின் அடி மட்டம் குளிரில் சாய்ந்திருந்தால் அளவு பொய் சொல்லும். ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து, அடியில் மண் இட்டு நேராக்குங்கள். வறண்ட ஆண்டில் பக்கத்து ராஞ்சோடு வரும் சண்டைகளில் பாதி இந்தச் சாய்வில்தான் தொடங்கும்.

குதிரைகள்

விருந்தினர் குதிரையைத்தான் நினைவில் கொண்டுபோவார்கள், ஆபத்தும் குதிரையில்தான் அதிகம். முதல் சவாரிக்கு ஆறு வாரம் முன்பு, ஏப்ரல் 20 வாக்கில், குளிர்கால மேய்ச்சலிலிருந்து எல்லாவற்றையும் பட்டிக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். ரோமம் அடர்ந்திருக்கும்போது கண்ணை நம்பாதீர்கள். விலாவைக் கையால் தடவினால்தான் இளைத்ததா கொழுத்ததா என்று தெரியும். முதுகில் பொருக்கு, பேன், பழைய சேணப்புண் இவையும் கைக்குத்தான் அகப்படும்.

தடுப்பூசி கொசு வருவதற்கு முன்: டெட்டனஸ், கிழக்கு, மேற்கு வகைக் குதிரை மூளைக்காய்ச்சல்கள், வெஸ்ட் நைல் வைரஸ், ரேபிஸ். புதிதாக வாங்கிய, முன்பு ஊசி போட்டதாகத் தெரியாத குதிரைக்குப் பெரும்பாலானவை இரண்டு தவணை, மூன்று நான்கு வார இடைவெளியில். இதனால்தான் புதுக்குதிரையை மே மாதத்தில் வாங்கக் கூடாது. குடற்புழு மருந்தை எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி ஊட்டுவதை விட்டு, சாணத்தில் முட்டை எண்ணிப் பார்த்து, அதிகம் விடும் குதிரைகளுக்குக் கொடுத்தால் புழுக்கள் மருந்துக்குப் பழகுவது தள்ளிப்போகும். கடைவாய்ப் பல் கூராகிக் கன்னத்தைக் கிழித்திருந்தால் அந்தக் குதிரை கடிவாளத்தோடு தலையை உதறும். அதை முரட்டுக்குணம் என்று நினைத்துத் தண்டிக்கிறார்கள். அரம் போட்டால் சரியாகும்.

லாடம் அடிப்பவரின் நாளை ஜனவரியிலேயே பிடித்துவைத்திருப்பீர்கள். அவர் வர வேண்டியது முதல் மலைச் சவாரிக்கு இரண்டு மூன்று வாரம் முன்பு. ஆணி உயிர்ச்சதைக்கு அருகே போயிருந்தால் நொண்டல் சில நாள் கழித்துத் தெரியும், அந்த நாட்கள் விருந்தினர் வருமுன் கழிந்துவிட வேண்டும். அதன் பிறகு ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை.

உடம்பைத் தேற்றுவது அவசரத்தில் ஆகாது. முதல் இரண்டு வாரம் சமதரையில் அரை மணி நடை. அடுத்த இரண்டு வாரம் ஒரு மணி நேரம், சிறு ஏற்றங்களோடு. கடைசி இரண்டில் பாரத்தோடு இரண்டு மணி நேரம் மலைப்பாதை. மூச்சும் தசையும் விரைவில் தேறும், தசைநாண் மெதுவாகத்தான் தேறும். அதனால் நான்காம் வாரத்தில் குதிரை தயாராகிவிட்டது போலத் தோன்றும், அப்போதுதான் காலைக் கெடுத்துக்கொள்ளும். ஓட்டுபவர்கள் ஒவ்வொரு குதிரையையும் வரிசையில் முன்னால், நடுவில், கடைசியில் என்று மாற்றி மாற்றி ஓட்டிப் பாருங்கள். எது எதை உதைக்கும், எது பின்னால் விடப்பட்டால் பதறும் என்று எழுதிவைத்தால் ஜூனில் வரிசை அமைப்பது எளிது. வசந்தப் புல்லில் மட்டும் அளவு வேண்டும். இரவு 5 டிகிரிக்குக் கீழும் பகல் பளீரென்ற வெயிலுமாக இருக்கும் நாட்களில் புல்லில் சர்க்கரை ஏறும், கொழுத்த குதிரைக்குக் குளம்பழற்சி வரும்.

எடைக் கணக்கைக் கூச்சமின்றி முன்பதிவுப் படிவத்திலேயே கேளுங்கள். சேணத்தையும் ஆளையும் சேர்த்துக் குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடாது. 500 கிலோக் குதிரைக்கு 100 கிலோ, மேற்கத்திய சேணமும் விரிப்பும் 18 கிலோ போக ஆளுக்கு மிஞ்சுவது 82. வருபவர்களின் எடைப் பட்டியலை வைத்துக்கொண்டுதான் இன்னும் எத்தனை பெரிய குதிரை வேண்டும் என்று முடிவு செய்ய முடியும்.

சேணத்தைக் கவிழ்த்துப் பாருங்கள். முன் வளைவையும் பின் வளைவையும் பிடித்து அழுத்தும்போது நெகிழ்ந்தாலோ கிரீச்சிட்டாலோ உள்ளே மரச்சட்டம் உடைந்திருக்கிறது, அதை ஒதுக்கிவிட வேண்டும். வயிற்று வாரை இழுக்கும் தோல் பட்டையை இரண்டாக மடித்து வெடிப்பு தெரிகிறதா என்று பாருங்கள். இடப்பக்கத்துப் பட்டையைத் தினமும் கட்டுவதால் எல்லோரும் பார்ப்பார்கள், அறுந்துபோவது யாரும் தொடாத வலப்பக்கத்துப் பட்டை. சவாரி முடிந்து சேணத்தை எடுத்ததும் வியர்வைத் தடத்தில் உலர்ந்த திட்டு தெரிந்தால் அங்கே சேணம் அழுத்துகிறது. குளிர்காலத்தில் முதுகின் வடிவம் மாறியிருக்கும், போன ஆண்டு பொருந்தியது இப்போது பொருந்தும் என்று இருந்துவிடக் கூடாது.

பாதைகளில் விழுந்த மரங்களை அகற்றுவதற்கும் நாள் ஒதுக்குங்கள். 1964-ன் வனாந்தரச் சட்டத்தின் கீழ் ஒதுக்கப்பட்ட பகுதிகளில் மோட்டார் ரம்பம் கூடாது, இருவர் இழுக்கும் கைரம்பம்தான்.

கேபின்கள்

பூட்டிக் கிடந்த கேபினுக்குள் துடைப்பத்தோடு நுழைவதுதான் இந்தப் பருவத்தில் செய்யக்கூடிய மிக மோசமான தவறு. மான் சுண்டெலியின் எச்சத்திலும் சிறுநீரிலும் ஹான்டா வைரஸ் இருக்கலாம், பெருக்கும்போது தூசியாக எழும், மூச்சில் போகும். 1993-ல் அமெரிக்காவின் தென்மேற்கில் நான்கு மாநிலங்கள் சந்திக்கும் பகுதியில் முதலில் அடையாளம் கண்ட இந்த நுரையீரல் நோயில் மூவரில் ஒருவருக்கும் மேல் இறக்கிறார்கள். 2012-ல் கலிஃபோர்னியாவின் யோசமிட்டி தேசியப் பூங்காவின் கூடாரக் கேபின்களில் தங்கியவர்களுக்கு இது பரவியபோது, எலிகள் இரட்டைச் சுவரின் நடுவே கூடு வைத்திருந்தது தெரியவந்தது. எனவே கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு, அரை மணி நேரம் வெளியே இருங்கள். பிறகு கையுறை போட்டு, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து எச்சத்தின் மேல் நன்றாக நனையத் தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டுக் காகிதத்துண்டால் துடைத்தெடுங்கள். வாக்குவம் கிளீனரும் வேண்டாம். எலி கூடு கட்டிய மெத்தையைக் காப்பாற்ற முயல வேண்டாம். ஆறு மில்லிமீட்டர் ஓட்டை அதற்குப் போதும். குழாய் சுவருக்குள் நுழையும் இடங்களை எஃகுப் பஞ்சு திணித்துப் பூசிவிடுங்கள்.

கேபின்களைத் திறப்பதற்குச் சில வாரங்கள் முன்பே தண்ணீர் வேலையைத் தொடங்க வேண்டும். ஆண்டில் 60 நாளாவது 25 பேருக்குத் தண்ணீர் தரும் இடம் கூட்டாட்சிச் சட்டப்படி பொதுக் குடிநீர் அமைப்பு. பருவகாலத்தில் மட்டும் இயங்குபவை 2016 ஏப்ரல் முதல், மாநிலம் ஏற்ற தொடக்க நடைமுறையை முடித்துச் சான்று தந்த பிறகே விருந்தினருக்குத் தண்ணீர் தரலாம். கிணற்றில் குளோரின் இடும் கணக்கு: ஆறு அங்குலக் குழாய்க்கிணற்றில் மீட்டருக்கு 18 லிட்டர் நிற்கும். 30 மீட்டர் நீர் என்றால் சுமார் 550 லிட்டர். 100 பிபிஎம் (லிட்டருக்கு 100 மில்லிகிராம்) வர 55 கிராம் குளோரின், அதாவது மணமில்லாத 6 சதவீத ப்ளீச் சுமார் ஒரு லிட்டர், குழாய்களிலும் தொட்டியிலும் உள்ள நீருக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குழாயிலும் குளோரின் வாசம் வரும்வரை திறந்து மூடி, 12 மணி நேரமாவது நிற்கவிட்டு, வெளிக்குழாய் வழியாகத் தரையில் வடியுங்கள். செப்டிக் தொட்டிக்குள் விட்டால் அங்கே மலத்தைச் செரிக்கும் பாக்டீரியா செத்துவிடும். குளோரின் முற்றிலும் போன பிறகே கோலிஃபார்ம் (நீரில் கழிவுக் கலப்பைக் காட்டும் பாக்டீரியா) சோதனைக்கு மாதிரி எடுக்கலாம். எடுத்த 30 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சோதனையைத் தொடங்கியாக வேண்டும். ஆகவே மாதிரியைத் திங்கட்கிழமை எடுங்கள். வெள்ளிக்கிழமை எடுத்தது வழியிலேயே காலாவதியாகி, ஒரு வாரம் வீணாகும்.

கேபின் குழாய்களில் நீர் ஏற்றும்போது வடிகால் அடைப்பான்களை மூடி, உயரமான குழாயைத் திறந்துவைத்து, கால் திருகு அளவு மெதுவாக நிரப்புங்கள். வெடித்த முழங்கைக் குழாய் இருந்தால் சீறும் ஓசை கேட்கும், அதற்குள் நிறுத்த நேரம் கிடைக்கும். குழாய் முனை வலைகளைக் கழற்றிவிட்டால் துரு அடைக்காது. வெந்நீர்க் கலன் நிரம்பி, வெந்நீர்க் குழாயில் தண்ணீர் சீராக வரும்வரை மின்சாரத்தைப் போடாதீர்கள். காய்ந்த சூடேற்றி சில நொடிகளில் எரிந்துபோகும். புரொபேன் வாயு தீர்ந்து மீண்டும் நிரப்பியிருந்தால் கசிவுச் சோதனை முடிந்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். புகைபோக்கியில் தார்ப்படிவையும் பறவைக் கூட்டையும் அகற்றி, கார்பன் மோனாக்சைடு எச்சரிப்பான்களை அழுத்திப் பாருங்கள்.

விருந்தினர் வருவதற்கு முந்தைய வாரம், வேலையாட்களை ஒரு இரவு கேபின்களில் தங்கச் சொல்லுங்கள். காலை ஏழு மணிக்கு எல்லாக் கேபினிலும் ஷவரை ஒரே நேரத்தில் திறந்து கால் மணி ஓடவிட வேண்டும். அழுத்தத் தொட்டி தாங்குகிறதா, வெந்நீர் எத்தனை நிமிடம் நிற்கிறது, செப்டிக் வடிகாலில் நீர் எதிர்த்து ஏறுகிறதா என்பதெல்லாம் அப்போது தெரிந்துவிடும். பிளம்பரைக் கூப்பிட இன்னும் ஐந்து நாள் கையில் இருக்கும்.